பிரிட்டன் ரயில் டிக்கெட்: ஏறும் முன் படியுங்கள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரயிலைப் பற்றியவை, எல்லாமே பிரிட்டனில் இருக்கும் வாசகர்கள் எழுதியவை. அதனால் வாஷிங் மெஷின், சோபா பற்றிய கேள்விகள் எல்லாவற்றையும் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிட்டேன்.

கேள்வி: லண்டன் யூஸ்டனிலிருந்து பர்மிங்ஹாமுக்குக் குறைந்த விலையில் டிக்கெட் வாங்கினேன். பிளாட்பாரத்தில் அவான்டி நிறுவனத்தின் ரயில் நின்றது, ஏறிவிட்டேன். டிக்கெட் செல்லாது என்று சொல்லிப் புது டிக்கெட்டுக்குப் பணம் வாங்கிவிட்டார்கள். இரண்டு ரயிலும் ஒரே ஊருக்குத்தானே போகிறது? (பர்மிங்ஹாம் வாசகர்)

பதில்: நீங்கள் அனுப்பிய படத்திலேயே 'லண்டன் நார்த்வெஸ்டர்ன் மட்டும்' என்று இருக்கிறது. அது வேறு நிறுவனம், அவர்களின் ரயில் மெதுவாகப் போகும் என்பதால்தான் விலை குறைவு. பணம் திரும்பாது.

கேள்வி: ஒரே பயணத்துக்கு இரண்டு மூன்று துண்டாக டிக்கெட் வாங்கினால் மலிவாக வருகிறது. சட்டப்படி சரியா? நடுவில் இறங்கி ஏற வேண்டுமா? (பிரிஸ்டல்)

பதில்: சரிதான். இறங்க வேண்டாம். டிக்கெட் பிரியும் ஸ்டேஷனில் அந்த ரயில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். லண்டன் போகும்போது டிட்காட்டில் பிரித்துப் பாருங்கள், ஆனால் அங்கே நிற்காத ரயிலில் ஏறிவிட்டு எனக்கு எழுதாதீர்கள்.

கேள்வி: மான்செஸ்டரில் படிக்கிறேன். 16-25 வயதினருக்கான சலுகை அட்டை, '16-25 ரயில்கார்டு', இருக்கிறது. காலை 8.30 ரயிலுக்கு, செயலியில் ரயில்கார்டைக் காட்டித்தான் டிக்கெட் வாங்கினேன். 'எனிடைம்' டிக்கெட். ரயிலில் வந்தவர் இந்த நேரத்தில் சலுகை கிடையாது என்று சொல்லி என் பெயரையும் முகவரியையும் எழுதிக்கொண்டு போனார். இப்போது வழக்குப் போடுவோம் என்று கடிதம் வந்திருக்கிறது. இரண்டு பவுண்டு கூட வித்தியாசம் வராது. பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, முதலில் பயப்படுவதை நிறுத்துங்கள். உங்களைப் போல நிறையப் பேர் மாட்டியிருக்கிறார்கள், இதில் எனக்கு இருக்கும் கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

விதி இதுதான். அந்தக் கார்டு டிக்கெட் விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்கும். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 4.30-இலிருந்து 10 மணி வரை, குறைந்தபட்சக் கட்டணம் 12 பவுண்டு. அதாவது ஐந்து பவுண்டு டிக்கெட்டுக்கு அந்த நேரத்தில் சலுகையே கிடையாது, முழு விலை கொடுக்க வேண்டும். ஜூலையிலும் ஆகஸ்டிலும் மட்டும் இந்தத் தடை இல்லை. ஆகஸ்டில் இதே பயணத்தை இதே விலையில் போயிருந்தால் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். செப்டம்பரில் போனால் குற்றம். பெயரோ 'எனிடைம்', எந்த நேரமும் என்று அர்த்தம். அந்தப் பெயரில் ஒரு டிக்கெட்டை விற்றுவிட்டு, காலை எட்டரைக்குச் செல்லாது என்று சொல்வது என்ன நியாயம்? வாங்குகிறவர் கவனமாக இருக்க வேண்டும் என்று ஓயாமல் சொல்கிறவன் நான்தான், ஆனால் கவனமாகப் படித்தாலும் தப்பு நடக்கும்படி ஒரு பொருளை விற்றால் அது விற்கிறவர் தப்பு.

2024 அக்டோபரில் வடக்கு இங்கிலாந்தில் இதே போல ஒரு பட்டதாரி 1.90 பவுண்டு குறைவாகக் கொடுத்தார் என்று நார்தர்ன் ரயில் நிறுவனம் அவர் மேல் வழக்குப் போடப் போனது. விஷயம் செய்திகளில் வந்து ஊரே கொதித்த பிறகு அதைக் கைவிட்டார்கள். அதற்கு முந்தைய ஆகஸ்டில்தான், 1889-ஆம் வருட ரயில்வே சட்டத்தின் கீழ் தவறான நடைமுறையில் தண்டிக்கப்பட்டவர்களின் வழக்குகள், ஏறக்குறைய 75,000, செல்லாது என்று லண்டனில் தலைமை மாஜிஸ்திரேட் தீர்ப்புச் சொன்னார். எழுபத்தைந்தாயிரம் பேர்! அந்தச் சட்டத்திலாவது ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். ரயில்வே துணைவிதியில் அதுவும் தேவையில்லை, சரியான டிக்கெட் இல்லை என்றால் போதும்.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. கடிதத்தை மேஜையில் போட்டு வைக்காதீர்கள், கெடு தேதிக்கு முன் எழுத்தில் பதில் போடுங்கள். செயலியில் வாங்கிய ரசீதும் கார்டின் நகலும் இணையுங்கள். ரயில்கார்டைச் சொல்லி வாங்கினேன், ஏமாற்றும் எண்ணம் இல்லை, குறையும் தொகையை இப்போதே கட்டுகிறேன் என்று நேராக எழுதுங்கள். செய்யாத தப்பைச் செய்ததாக ஒப்புக்கொள்ளும் படிவம் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். உங்கள் பல்கலைக்கழக மாணவர் சங்கத்தில் ஆலோசனை மையம் இருக்கும், நாளைக்கே போங்கள். நீதிமன்றத்தின் தாள் வந்துவிட்டால் வழக்கறிஞர் இல்லாமல் பதில் போடாதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: லீட்ஸிலிருந்து லண்டன் கிங்ஸ் கிராஸ் போனேன். வழியில் மின்கம்பி அறுந்து 70 நிமிடம் தாமதம். "கம்பி எங்களுடையது இல்லை, இழப்பீடு வராது" என்றார் ஊழியர். என்னிடம் இருந்ததும் துண்டு டிக்கெட்டுகள்.

பதில்: வரும். டிலே ரிபே திட்டத்தில் தாமதத்துக்கு யார் காரணம் என்பது பயணிக்குத் தேவையில்லாத விஷயம். பெரும்பாலான நிறுவனங்களில் 15 நிமிடத்துக்கு ஒருவழிக் கட்டணத்தில் 25 சதவீதம், 30 நிமிடத்துக்குப் பாதி, ஒரு மணி நேரத்துக்கு மேல் முழுதும். துண்டு டிக்கெட் என்றாலும் மொத்தப் பயணம்தான் கணக்கு, எல்லா டிக்கெட்டையும் சேர்த்து அனுப்புங்கள். 28 நாள்தான் அவகாசம். கூப்பன் தருகிறேன் என்றால் வேண்டாம், பணமாகக் கேளுங்கள்.

கேள்வி: ரெடிங்கிலிருந்து லண்டனுக்கு வாரம் இரண்டு நாள் வேலைக்குப் போகிறேன். ஆண்டு சீசன் டிக்கெட் லாபமா?

பதில்: இல்லை. ஆண்டு சீசனின் விலை, ஒரு வார டிக்கெட்டின் விலையைப் போல 40 மடங்கு. தினமும் போகிறவருக்குத்தான் அது கட்டும். உங்களுக்கு 2021-இல் வந்த ஃப்ளெக்ஸி சீசன் இருக்கிறது: 28 நாளில் எந்த 8 நாளும் போகலாம். ஆனால் காலை நெரிசல் நேரம் தாண்டிக் கிளம்ப முடியுமென்றால் ஆஃப்-பீக் ரிட்டர்ன் அதைவிட மலிவாக வரலாம், இரண்டையும் காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

நான் இதில் நிறையப் பணம் விட்டிருக்கிறேன். ஆண்டு சீசன் வாங்கிய பிறகு வேலை பாதி வீட்டிலிருந்து என்று ஆனது. நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, பதினோராம் மாதம் திருப்பிக் கொடுத்தேன். கிடைத்தது பூஜ்யம். பயன்படுத்திய காலத்தை வார, மாத டிக்கெட் விலையில் கணக்குப் போட்டுக் கழிப்பார்கள், அதனால் சுமார் பத்து மாதம் தாண்டினால் எதுவும் மிஞ்சாது. வேண்டாம் என்று முடிவு செய்தால் அன்றே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. சீனியர் ரயில்கார்டு அவர் போனில் இருந்தது, போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. ரயிலில் மறுபடி முழு விலை வாங்கிவிட்டார்கள். அம்மா வீட்டுக்கு வந்து அழுதார். (ஈஸ்ட் ஹாம்)

பதில்: அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. செல்லுபடியாகும் கார்டைக் கையில் காட்ட முடியாமல் போனால், கூடுதலாகக் கட்டிய பணத்தை 12 மாதத்தில் ஒருமுறை திரும்பக் கேட்கலாம். கார்டின் நகல், இரண்டு டிக்கெட், ரசீது, எல்லாம் 28 நாளுக்குள் அந்த நிறுவனத்துக்குப் போக வேண்டும். அடுத்த முறை புதுப்பிக்கும்போது பிளாஸ்டிக் கார்டாக வாங்கிக் கொடுங்கள். வயதானவர்கள் பேட்டரியைப் பார்த்துக்கொண்டே பயணம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை.

கேள்வி: செட்டில்-கார்லைல் பாதையில் ரிபிள்ஹெட் பாலத்தைப் படமெடுக்க ஆசை. லீட்ஸிலிருந்து கார்லைலுக்கு மலிவான அட்வான்ஸ் டிக்கெட் கிடைக்கிறது, வாங்கட்டுமா? (ரயில் பிரியர், லெஸ்டர்)

பதில்: வாங்காதீர்கள், நான் வாங்கி ஏமாந்தேன். ரயிலுக்குள் உட்கார்ந்தபடி அந்த 24 வளைவுகளையும் பார்க்கவே முடியாது, நீங்கள்தான் அதன் மேலே போய்க்கொண்டிருப்பீர்கள். ரிபிள்ஹெட் ஸ்டேஷனில் இறங்கிக் கொஞ்சம் நடந்து கீழே போனால்தான் பாலம் முழுதாகத் தெரியும். அட்வான்ஸ் டிக்கெட்டில் நடுவில் இறங்க அனுமதியில்லை. ஆஃப்-பீக் டிக்கெட்டில் பொதுவாக இறங்கலாம், அடுத்த ரயிலில் தொடரலாம், வாங்கும் டிக்கெட்டின் நிபந்தனையை மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். ரயில்கள் அடிக்கடி கிடையாது, திரும்பும் நேரத்தை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம், மழைக்கோட்டு கட்டாயம்.