கீழ் அளவு சரியாகத்தானே இருக்கிறது, டாக்டர்?

கேள்வி: வயது 64, காசிமேடு. முகாமில் பிரஷர் 168/76 என்றார்கள். அடுத்த வாரம் 164/74. "கீழ் அளவு நார்மல், மேலே உள்ளது வயசானா ஏறத்தான் செய்யும்" என்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. எனக்குத் தலைவலிகூட இல்லை. மாத்திரை தேவையா?

பதில்: அக்கா சொன்னதில் பாதி சரிம்மா. வயதானால் மேல் அளவு ஏறும். அதனால் ஒன்றுமில்லை என்று விடுவதுதான் தப்பு. ஐம்பதைத் தாண்டியவர்களுக்குப் பக்கவாதம், மாரடைப்பு வருமா என்பதைக் கீழ் அளவைவிட மேல் அளவுதான் அதிகம் காட்டிக்கொடுக்கும். தலைவலியை நம்பாதீர்கள், பிரஷர் பெரும்பாலும் சத்தமில்லாமல்தான் இருக்கும்.

இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் இளவயதில் புது ரப்பர் ட்யூப் மாதிரி. துடிக்கும்போது விரிந்து கொடுக்கும், அப்புறம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளும். வெயிலில் கிடந்த ட்யூப் போல விறைத்துப்போனால் துடிக்கும்போது அழுத்தம் எகிறும், இடையில் இறங்கிவிடும். உங்கள் 76 நல்ல செய்தியாக இல்லாமல் இந்த விறைப்பின் அடையாளமாகவே இருக்கலாம்.

சரி, அளந்தது எப்படி? பலர் மாடி ஏறிய மூச்சோடு கையை நீட்டுவார்கள். ரவிக்கைக் கைமேலேயே பட்டை, நடுவில் மருமகள் கதை வேறு. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்த்து, ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வைத்து அளக்க வேண்டும். ஒரு வாரம் காலையும் மாலையும் எழுதி வையுங்கள். வீட்டில் எடுத்த மேல் அளவின் சராசரி 135-ஐத் தொட்டால் பிரஷர் இருக்கிறது என்றுதான் அர்த்தம்.

காசிமேடு என்றதும் கருவாடு ஞாபகம் வருகிறது. நாளுக்கு உப்பு மொத்தமே 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன். வெந்நீரில் எத்தனை முறை அலசினாலும் கருவாட்டுக்குள் இறங்கிய உப்பு முழுக்க வெளியே வராது. வாசலிலேயே பச்சை மீன் கிடைக்கிற ஊரில் இருந்துகொண்டு அது எதற்கு?

மூட்டு வலிக்குக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடுகிறீர்களா? அதுவும் பிரஷரை ஏற்றும். ரத்தசோகை, தைராய்டுக்கும் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள்.

இந்த அளவே நீடித்தால் மாத்திரை தேவைதான். அம்லோடிபின் போன்றவற்றைக் குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவோம். கால் வீங்கினால் நிறுத்தாமல் வந்து சொல்லுங்கள், மாற்றித் தரலாம். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினால் நின்றபடியும் அளக்கச் சொல்லுங்கள். வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் 108-ஐ அழையுங்கள்.