‘ப்ளடி’ சத்தியமா, வசவா?

அன்புள்ள ஐயா,

என் தாத்தா சுதந்திரத்துக்கு முன் ஒரு வெள்ளைக்கார அதிகாரியிடம் எழுத்தராக இருந்தவர். அந்த அதிகாரி தன்னை ‘ப்ளடி ஃபூல்’ என்று திட்டியதைக் கடைசிவரை சொல்லி வருந்தினார். அண்மையில் ஒரு நண்பர், “அது வசவே அல்ல; ‘பை அவர் லேடி’ என்று மரியன்னை பெயரில் இடும் சத்தியம் தேய்ந்து ‘ப்ளடி’ ஆனது” என்றார். உண்மைதானா?

ச., திருச்சி

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர் சொன்ன கதை இங்கிலாந்திலேயே வெகுகாலமாக உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆதாரத்தின் முன் நிற்கவில்லை. சத்தியச் சொல் தனித்து நிற்கும். ‘ப்ளடி’யோ பழைய சான்றுகளிலேயே இன்னொரு சொல்லோடு ஒட்டிக்கொண்டு அதற்கு அழுத்தம் தருகிறது. 1676இல் அரங்கேறிய ஜார்ஜ் எத்தரெஜின் நாடகத்தில் ‘ப்ளடி ட்ரங்க்’ என்று வருகிறது. தலைகால் புரியாத போதை என்று பொருள். 1711இல் ஜோனதன் ஸ்விஃப்ட் ஒரு கடிதத்தில், நடந்து போனபோது ‘ப்ளடி ஹாட்’ என்று வெயிலைப் பற்றி எழுதுகிறார். அவர் ஒரு பாதிரியார். எழுதியது ஒரு பெண்ணுக்கு. கூச்சத்தின் சுவடே இல்லை. இந்த இடங்களில் மரியன்னையை எங்கே பொருத்துவது?

வேர் இரத்தம்தான். ஜெர்மன் மொழியிலும் மிக இளையவரைக் குறிக்கும் ‘ப்ளூட்யுங்’ என்ற சொல்லின் முன்பாதி இரத்தமே. நாம் கொலைப்பசி என்கிறோம், பச்சைப் பொய் என்கிறோம். அங்கே கொலையும் இல்லை, நிறமும் இல்லை.

பிறகு எப்படிக் கெட்ட வார்த்தையானது? பொருள் மாறவில்லை, சொல்லும் வாய் மாறியது. இது அடித்தட்டு மக்களின் வாயில் ஓயாமல் புழங்குவது, கண்ணியமானவர்களுக்கு அருவருப்பானது என்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் முதல் பதிப்பே குறித்தது. 1887இல் கில்பர்ட்-சல்லிவன் இசை நாடகம் ஒன்றின் தலைப்பு இந்தச் சொல்லை நினைவூட்டுகிறது என்று எதிர்ப்பு எழ, அதன் எழுத்தையே மாற்றினார்கள். 1914 ஏப்ரல் 11 அன்று லண்டனில் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ மேடையேறியபோது, சீமாட்டிபோல் பேசப் பழகிய பூக்காரி எலைசா, பெரிய வீட்டு வரவேற்பறையில் ‘நாட் ப்ளடி லைக்லி’ என்று சொல்லிவிடுகிறாள். அரங்கம் அதிர்ந்து சிரித்தது. அவளுடைய பிறப்பை அந்த ஒரு சொல் காட்டிக்கொடுத்துவிட்டது என்பதால்தான் அந்தச் சிரிப்பு.

ஆங்கிலேயர்கள் இன்று ‘ப்ளடி குட்’ என்று பாராட்டவும் செய்கிறார்கள். நம் ஊரில் தங்கிப்போனது வசவு மட்டுமே. அதை நமக்குக் கற்பித்தவர்கள் வேறெதற்கும் நம்மிடம் அதைப் பயன்படுத்தவில்லை என்றே நினைக்கிறேன். தன் ஊரில், பெண்கள் அமர்ந்திருக்கும் அறையில் வாய்விட்டுச் சொல்லத் தயங்கியிருக்கக்கூடிய ஒரு சொல்லை அந்த அதிகாரி உங்கள் தாத்தாவின் முகத்துக்கு நேராகச் சொன்னார். தாத்தா அதைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறார்.