கொடைக்கானலில் பெரிய வீடு எடுத்துச் சொந்தம் கூடுபவர்களுக்கு: கேள்வி பதில்

கொடைக்கானலில் பெரிய பங்களா எடுத்து மூன்று தலைமுறையும் ஒன்றாகத் தங்க வருபவர்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும், தங்கும் நாட்களில் அந்த வீட்டைக் கவனிப்பதும் பல வருடங்களாக என் வேலை. மே விடுமுறைக்குத் திட்டமிடுபவர்கள் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். கொடைக்கானலைத் தாண்டி எனக்குத் தெரியாது.

மதுரையிலிருந்து: அக்கா, தாத்தாவின் சதாபிஷேகத்தை ஒட்டி 42 பேர் மூன்று நாள் தங்குகிறோம். ஏழு படுக்கையறை வீடு ஒன்று பார்த்திருக்கிறோம், படத்தில் பிரமாதமாக இருக்கிறது. போதுமா?

படுக்கையறையை விடுங்கள். நம் ஆட்கள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்துவிடுவார்கள், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். நீங்கள் கேட்க வேண்டியது தண்ணீரையும் கழிப்பறையையும்.

நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடும்போது ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைக்கிறார்கள். அதன்படி 42 பேருக்கு 5,670 லிட்டர். பல பங்களாக்களில் மேலே இருப்பது 2,000 லிட்டர் தொட்டி. ஏப்ரல், மே மாதங்களில் குழாயை நம்பவே முடியாது, லாரித் தண்ணீர்தான். அதனால் தரைத்தொட்டி எத்தனை லிட்டர், வாசல்வரை லாரி வருமா, அந்தக் காசு யாருடையது என்ற மூன்றையும் முன்பணம் கொடுப்பதற்கு முன் கேட்டுவிடுங்கள். அடுத்தது கழிப்பறை. ஆறு பேருக்கு ஒன்று என்றால் சண்டை வராது. எண்ணிக்கை மட்டும் போதாது, அறைக்குள் இருப்பவை இரவில் உள்ளே தாழிடப்படும். கூடத்தில் படுப்பவர்கள் யாரையும் எழுப்பாமல் போய்வர, குறைந்தது இரண்டு கழிப்பறையாவது அறைகளுக்கு வெளியே இருக்க வேண்டும். எட்டுப் பேர் குடும்பத்துக்காகக் கட்டிய செப்டிக் டேங்க் 42 பேரைத் தாங்காமல் மூன்றாம் நாள் நிரம்பிக் கழிவு திரும்பி வரும். கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள் என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

25 லிட்டர் கீசர் இரண்டு மூன்று பேர் குளிக்கத்தான் வரும். எல்லாக் கீசரையும் ஒரே நேரத்தில் போட்டால் ட்ரிப் ஆகிவிடும். பெரியவர்கள் காலையில், பிள்ளைகள் வெயில் ஏறியபின் மதியத்தில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹோமம் உண்டு என்றால் உரிமையாளரிடம் முன்பே சொல்லுங்கள். பழைய பங்களாக்களில் மரத்தரையும் மரக்கூரையும் இருக்கும், முற்றத்திலோ தோட்டத்திலோதான் குண்டம் வைக்க வேண்டும்.

படத்தை நம்பவேண்டாம். கேட்டிலிருந்து பின்பக்கத் துணி துவைக்கும் கல்வரை வீடியோ அழைப்பில் நடந்து காட்டச் சொல்லுங்கள். இல்லாத வீட்டுக்கு முன்பணம் வாங்கி ஏமாற்றுபவர்களும் இருக்கிறார்கள். நடந்து காட்டத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம்.

திருச்சியிலிருந்து: கொடைக்கானல் வர இணையத்தில் எடுக்கும் இ-பாஸ் இன்னும் தேவையா அக்கா?

தேவை. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நடைமுறையில் இருக்கிறது. ஆளுக்கு இல்லை, ஒவ்வொரு வண்டிக்கும் தனித்தனி பாஸ். 2025 கோடையில் வார நாட்களில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000 என்று உச்சவரம்பும் வைத்தார்கள். ஏழு காரில் கிளம்பி ஒரு காருக்கு மட்டும் பாஸ் கிடைக்காத நிலை வரவேண்டாம், தேதி முடிவானதுமே எல்லா வண்டிக்கும் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு வேண்டாம்.

சேலத்திலிருந்து: எங்கள் பாட்டிக்கு 84 வயது, முழங்கால் வலி. கூட்டி வரலாமா?

அவருக்காகத்தானே கூடுகிறீர்கள், கூட்டி வாருங்கள். இதய நோயோ மூச்சுத் தொந்தரவோ இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள், இது 2,100 மீட்டர் உயரம். தரைத்தளத்தில் ஓர் அறை, அதற்குள்ளேயே மேல்நாட்டுக் கழிப்பறை, பிடித்து எழக் கைப்பிடி, வழுக்காத தரை. இது இல்லாத வீட்டை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். அந்த அறையைப் புதுமணத் தம்பதிக்கோ மாப்பிள்ளைக்கோ கொடுத்துவிட்டுப் பாட்டியை மாடியேற்றுவதைப் பார்த்திருக்கிறேன். யாருக்கு எந்த அறை என்று கிளம்புவதற்கு முன்பே எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

குளிருக்குக் கம்பளி, காலுறை, வெந்நீர்ப் பை. அறைக்குள் கரி அடுப்பு மட்டும் வைக்கவே கூடாது. இதைக் கேட்காதவர்களுக்கும் சொல்கிறேன். கதவு ஜன்னலை மூடிக்கொண்டு கரி எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். வாசனை இருக்காது, தூங்குபவர் தூக்கத்திலேயே போய்விடுவார். இந்த மலையிலேயே அப்படி உயிர் போயிருக்கிறது.

சென்னையிலிருந்து: ஊட்டியில் இதே மாதிரி வீடு கிடைக்குமா?

நீலகிரிக்காரர்களைக் கேளுங்கள்.

விருதுநகரிலிருந்து: 40 பேருக்கு நாங்களே மட்டன் பிரியாணி போடப்போகிறோம். மலையில் வேகாது என்கிறார்களே?

வேகும், நேரமாகும். கடற்கரை ஊரில் 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர் இங்கே 93 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் திறந்த அண்டாவில் அதற்கு மேல் சூடு ஏறாது. அதனால் கறியைப் பெரிய குக்கரில் முக்கால் பதம் வேகவைத்து, அந்தத் தண்ணீரோடு அண்டாவில் சேருங்கள். அரிசியை வழக்கத்தைவிட அதிக நேரம் ஊறவையுங்கள். பருப்பு, கொண்டைக்கடலை எல்லாம் குக்கர் இல்லாமல் நினைக்கவே வேண்டாம். தம் போடும்போது மூடிமேல் தணல் வைத்தால் நல்லது, ஆனால் வெளியே. மீந்த தணலைக் குளிருக்கு என்று அறைக்குள் தூக்கிப் போகாதீர்கள்.

இட்லி மாவு இந்தக் குளிரில் சரியாகப் பொங்காது. கீழேயே அரைத்துப் புளித்த மாவாகக் கொண்டு வாருங்கள், பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பாமல். வளைவுகளில் வழிந்து வண்டியெல்லாம் மாவாகும். சின்னத் தண்ணீர் பாட்டில்களை அட்டைப்பெட்டியாக ஏற்றவேண்டாம். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே தடை, பாட்டிலுக்கு 20 ரூபாய் கட்டவேண்டும். எவர்சில்வர் குடம் கொண்டு வாருங்கள். பூண்டை மட்டும் இங்கே வாங்குங்கள், பூம்பாறை மலைப்பூண்டு.

திண்டுக்கல்லிலிருந்து: இ-பாஸ் ஆளுக்கா, வண்டிக்கா?

மேலே சொல்லியிருக்கிறேன். வண்டிக்கு.

காரைக்குடியிலிருந்து: செலவை எப்படிப் பிரிப்பது? போன வருடம் இதில்தான் மனஸ்தாபம் வந்தது.

எனக்கு மிகவும் முக்கியமான கேள்வி இது. நான் பார்த்தவரை வீட்டு வாடகையையும் சாப்பாட்டையும் ஒரே கணக்கில் போடுவதுதான் தகராறு. வாடகையைக் குடும்பக் கணக்கில் பிரியுங்கள், சாப்பாட்டைத் தலைக்கணக்கில். ஐந்து வயதுக்குக் கீழ் கணக்கில் வேண்டாம். பணத்தைக் கிளம்பும் முன்பே ஒரே ஆளிடம் கொடுத்துவிடுங்கள். யாருக்காகக் கூடுகிறீர்களோ, அந்தப் பெரியவர்களிடம் ஒரு ரூபாய் வாங்கக்கூடாது.

கோயம்புத்தூரிலிருந்து: சொந்தத்துக்குள் தலையை எண்ணுவதே அசிங்கம். எங்களுக்கு சிங்கப்பூர் அண்ணன் மொத்தமும் கொடுத்துவிடுகிறார். மனப்பூர்வமாகக் கொடுப்பவரை ஏன் தடுக்க வேண்டும்?

அவர் மனசைக் குறை சொல்லவில்லை. ஆனால் முழுப் பணமும் ஒருவருடையது என்றால் தேதி, வீடு, சாப்பாடு எல்லாம் அவர் சொல்வதாகிவிடும். அவர் கேட்காவிட்டாலும் மற்றவர்கள் விட்டுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் வரவில்லை என்றுகூட ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். தம்பி மனைவி சமையலறையை விட்டு வெளியே வராமல் நிற்பார், பணம் தரவில்லையே, வேலையாவது செய்வோம் என்று. அண்ணன் பெரிய பங்கு போடட்டும், எல்லோரும் ஒரு சின்னத் தொகையாவது போடட்டும்.

காரைக்குடியிலிருந்து, மறுபடி: எங்கள் பக்கம் கோயில் பணத்துக்குப் புள்ளிக் கணக்கு உண்டு. கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. துணையை இழந்தவர் அரைப்புள்ளி. அதையே வைத்தால் என்ன?

வாடகைக்கு அதைவிட நல்ல கணக்கு கிடையாது. ஒரு தம்பதிக்கு ஓர் அறை, அதற்கு ஒரு புள்ளி. தனியாக இருக்கும் அத்தைக்குப் பாதி. யாரும் யாரிடமும் சலுகை கேட்டதாக ஆகாது, வழக்கமே அப்படி என்று போய்விடும்.

தேனியிலிருந்து: அப்படியென்றால் நான்கு பிள்ளைகளோடு வருபவரும் இரண்டு பேராக வருபவரும் ஒரே வாடகையா? நாங்கள் இரண்டு பேர்தான். இது எந்த ஊர் நியாயம்?

அதற்குத்தான் சாப்பாட்டைத் தனியாகப் பிரிக்கச் சொன்னேன். பிள்ளைகள் படுப்பது கூடத்தில், உங்கள் இருவருக்குக் கதவு போட்ட அறை.

கோயம்புத்தூரிலிருந்து: கல்யாணமாகாமல் ஐ.டி.யில் சம்பாதிக்கும் பிள்ளைகள்? புள்ளியில் வரமாட்டார்கள், பில்லிலும் வரமாட்டார்களா?

நல்ல இடத்தில் பிடித்தீர்கள். அவர்கள் சாப்பாட்டுப் பங்கைக் கொடுக்கட்டும், அதோடு ஒரு முழுச் செலவை ஏற்கட்டும். லாரித் தண்ணீரோ, பெரியவர்களுக்கான வண்டியோ. இளவட்டம் ஒரு பொறுப்பைக் கையில் எடுத்தால் அடுத்த வருடம் கூட்டுவதும் அவர்களே என்று ஆகும்.

தேனியிலிருந்து: தங்கச்சிக்கு இந்த வருடம் கையில் எதுவுமே இல்லை. அரைப்புள்ளிகூட முடியாது. வரமாட்டேன் என்கிறாள்.

இதை மட்டும் பொதுக் கணக்கில் கொண்டுவராதீர்கள். பணம் வாங்கும் அந்த ஒருவருக்கும் மூத்தவர் ஒருவருக்கும் தெரிந்தால் போதும். தங்கச்சியின் பங்கை நீங்கள் கட்டிவிட்டு, எல்லோரையும் போல அவள் பெயரையும் வரவில் எழுதச் சொல்லுங்கள். அப்புறம் நீங்களே நேரில் போய்க் கூப்பிடுங்கள். போனில் வேண்டாம்.

கரூரிலிருந்து: எங்களிடமும் புள்ளி மாதிரி தலைக்கட்டு வரி உண்டு. அதைப் பற்றி...

அதுவும் நல்ல முறைதான். ஆனால் பணக் கேள்வியை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், இன்னும் பலர் காத்திருக்கிறார்கள்.

சென்னையிலிருந்து: கனடாவிலிருந்து வரும் சித்தப்பா குடும்பம் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள். ஏதாவது பதிய வேண்டுமா?

வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசு இணையதளத்தில் பதிய வேண்டும். பாஸ்போர்ட், விசா அல்லது ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை நகலை முன்பே அனுப்பிவிடுங்கள். "அதெல்லாம் தேவையில்லை" என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் கட்டட அனுமதியையும் சேர்த்து விசாரியுங்கள். அனுமதி இல்லாத கட்டடங்களுக்கு இங்கே 2019-ல் நீதிமன்ற உத்தரவின்படி சீல் வைத்தார்கள்.

ஈரோட்டிலிருந்து: எல்லோரும் ஒரே பேருந்தில் வரலாமா? இ-பாஸ் அதற்கும்...

நீங்கள் வாடகைக்கு எடுக்கும் பேருந்தும் வண்டிதான், பாஸ் வேண்டும். தயவுசெய்து மேலே படித்துவிட்டுக் கேளுங்கள். 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துக்கு மலையில் அனுமதி இல்லை. இரண்டு வேன் எடுங்கள். பங்களாவுக்குப் போகும் கடைசிச் சந்தில் வேனே சிரமப்படும்.

மதுரையிலிருந்து: உங்களிடமே மே இரண்டாவது வாரம் வீடு இருக்கிறதா?

இங்கே வியாபாரம் பேசவில்லை. எங்கே எடுத்தாலும் தண்ணீர், கழிப்பறை, தரைத்தள அறை.

திருநெல்வேலியிலிருந்து: பிள்ளைகள் 15 பேர். இரவில் தோட்டத்தில் தீ மூட்டி உட்கார வைக்கலாமா? மழை வந்தால் உள்ளே கணப்பில்...

தோட்டத்தில் உட்காரலாம், பெரியவர்கள் இரண்டு பேர் கூடவே இருக்க வேண்டும். தீயைவிட எனக்குக் காட்டுமாடுகள்தான் கவலை. இருட்டினால் அவை ஊருக்குள் சர்வசாதாரணமாக நடமாடும், வேலி இல்லாத தோட்டத்துக்குள்ளும் வரும். பார்க்கச் சாதுவாக நிற்கும். பக்கத்தில் போய்ப் படம் எடுக்கவோ, டார்ச் அடிக்கவோ, கல் எறியவோ விடாதீர்கள். பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்துங்கள், அது தானாகப் போய்விடும். மிச்சச் சாப்பாட்டை வெளியே கொட்டாதீர்கள். நாய் கூட்டி வருபவர்களுக்கும் இதுதான், குரைத்து வம்பிழுக்கும் நாயைக் காட்டுமாடு விடாது.

உள்ளே கணப்பு என்றால், புகைபோக்கி அடைப்பில்லாமல் இருக்கிறதா என்று வீட்டுக்காரர் உங்கள் முன்னால் மூட்டிக் காட்டவேண்டும். படுக்கப் போகும்முன் முழுவதும் அணைத்துவிடவேண்டும். கணப்பு இல்லாத அறைக்குள் சட்டியில் தணல் எடுத்துப்போவது கூடாது. மூன்றாவது முறை சொல்கிறேன், இன்னும் கேட்டாலும் சொல்வேன்.

திருச்சியிலிருந்து: கிளம்பும் நாள் எப்போதும் குழப்பமாகிவிடுகிறது. எப்படி ஒழுங்கு செய்வது?

முந்தின இரவே அறை அறையாகச் சாமான்களை வண்டியில் ஏற்றிவிடுங்கள், மருந்துப் பையைத் தவிர. அதைப் பாட்டி இருக்கும் வண்டியில் கைக்கு எட்டும்படி வையுங்கள். காலைக்கு அடுப்பு மூட்டவேண்டாம், முதல் நாள் செய்த புளியோதரையும் ஒரு பெரிய பிளாஸ்க் காபியும் போதும். இறக்கத்தில் நியூட்ரல் போடாமல் சின்ன கியரில் இறங்கச் சொல்லுங்கள், பிரேக் சூடேறும். நள்ளிரவுவரை கதை பேசிவிட்டு உட்காரும் தம்பியிடம் ஸ்டியரிங்கைக் கொடுக்காதீர்கள். வாந்தி வரும் பிள்ளைகளுக்கு முன் சீட்டு. முதல் வண்டி வத்தலக்குண்டில் நின்று எல்லா வண்டியும் வந்ததை எண்ணிவிட்டு அங்கிருந்து பிரியுங்கள்.