மதுவிலக்கும் கேலிச்சித்திரங்களும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அப்பா பைண்டு செய்து வைத்திருந்த பழைய வார இதழ்களைப் புரட்டிக்கொண்டிருந்தேன். குடிகார ஜோக்குகள் ஏராளம். ஆனால் மதுவிலக்குச் சட்டத்தையே கிண்டல் செய்யும் படம் ஒன்றும் கண்ணில் படவில்லை. அமெரிக்கப் பத்திரிகைகள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டனவே, நம்மவர்களுக்குப் பயமா?

ச.

அன்புள்ள ச.,

பயம் என்று நான் நினைக்கவில்லை. சட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்று பாருங்கள். அமெரிக்காவில் 1920இல் மதுவிலக்கு வந்தபோது, நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் ரோலின் கிர்பி அதற்கு ‘மிஸ்டர் டிரை’ என்று ஓர் உருவம் கொடுத்தார். ஒடிசலான நெட்டை ஆள், கறுப்பு உடை, உயரத் தொப்பி, கையில் குடை. சாவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி ஒரு மூஞ்சி. ஊர் சிரித்தது. 1933இல் சட்டமே போய்விட்டது.

இங்கே 1937இல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியவர் ராஜாஜி. கள்ளுக்கடை மறியல் செய்து ஜெயிலுக்குப் போன கட்சி போட்ட சட்டம். அதற்குச் சாவு வீட்டு மூஞ்சி வரைய யாருக்கு மனசு வரும்? பத்திரிகைக்காரர்களில் பலர் அந்தப் பக்கம்தான். 1929இல் திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி நடத்திய ‘விமோசனம்’ மதுவிலக்குக்கென்றே வந்த இதழ். அதில் அவருக்குத் துணையாக இருந்தவர் கல்கி. நகைச்சுவையில் கைதேர்ந்தவரே சட்டத்தின் கட்சி என்றால், எதிர்க்கட்சிக்கு ஆள் எங்கே கிடைப்பார்?

அதனால் நம் கேலி சுற்றுவழியில் வந்தது. 1948இல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு. ஆனால் உடம்புக்கு அவசியம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பெர்மிட் உண்டு. வசதியுள்ளவருக்கு வியாதி வந்தது, இல்லாதவர் வார்னிஷைக் குடித்தார். சட்டத்தைத் தொடாமல் அதன் ஓட்டையை மட்டும் காட்ட பெர்மிட்காரர் போதும். உங்கள் பைண்டில் டாக்டர் ஜோக்குகளையும் ஒருமுறை பாருங்கள்.

எனக்கு நெருடுவது வேறு. தள்ளாடி வரும் கணவனுக்குப் பூரிக்கட்டையோடு கதவைத் திறக்கும் மனைவி. நிஜத்தில் அடி வாங்கியது யார்? லண்டனில் ஹோகார்த் 1751இல் வரைந்த ‘ஜின் லேன்’ படத்தில், போதையில் ஒருத்தி படிக்கட்டில் உட்கார்ந்து மூக்குப்பொடி எடுக்கிறாள். மடியிலிருந்து குழந்தை தலைகீழாக விழுகிறது. அவருக்கும் கிண்டல் தெரியும், ஆனால் அந்த இடத்தில் சிரிக்கவிடவில்லை.

1971இல் இங்கே மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். அதற்குப் பிந்தைய இதழ்களும் அப்பாவிடம் இருந்தால், ஜோக்குகள் யார் பக்கம் திரும்பின என்று பார்த்து எழுதுங்கள்.