இயேசு பிறந்தது எந்த ஆண்டு? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: சார், கி.மு. என்றாலே கிறிஸ்துவுக்கு முன் என்றுதானே பொருள்? இயேசுவே கி.மு. 6-இல் பிறந்தார், கி.மு. 4-இல் பிறந்தார் என்று எழுதுகிறார்களே, அது எப்படி?

பதில்: கணக்குப் போட்டவர் சில ஆண்டுகள் பிசகிவிட்டார், அதனால்தான். ரோமில் வாழ்ந்த டயோனீசியஸ் எக்சிகுவஸ் என்ற துறவி கி.பி. 525-இல் ஈஸ்டர் நாள் அட்டவணை ஒன்றைத் தயாரித்தார். அதற்கு முந்தைய அட்டவணையில் ஆண்டுகளை டயோக்ளீஷியன் பேரரசரின் ஆட்சித் தொடக்கத்திலிருந்து எண்ணியிருந்தார்கள். கிறிஸ்தவர்களைக் கொடுமைப்படுத்தியவர் பெயரால் ஈஸ்டரைக் குறிக்க டயோனீசியசுக்கு மனம் ஒப்பவில்லை. பழைய அட்டவணை டயோக்ளீஷியன் ஆண்டு 247-இல் முடிந்தது. அடுத்த ஆண்டுக்கு அவர், கிறிஸ்து பிறந்ததிலிருந்து எண்ணி, 532 என்று எண் கொடுத்தார். நம் கி.மு., கி.பி. கணக்கு அதிலிருந்து வந்ததுதான். அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று அவர் எழுதி வைக்கவில்லை.

கேள்வி: பிசகியது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

பதில்: யூதேயாவை ஆண்ட ஏரோது ராஜாவின் மரணத்தை வைத்து. இயேசுவின் பிறப்பை எழுதிய மத்தேயு, லூக்கா இருவரும் பல இடங்களில் வேறுபடுகிறார்கள். ஆனால் இந்தக் கதை ஏரோதின் காலத்தில் தொடங்குகிறது என்பதில் இருவரும் ஒன்றுபடுகிறார்கள். ஆகவே ஏரோது இறந்த ஆண்டு தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் அந்தக் கடைசி மாதங்களை விரிவாகவே எழுதியிருக்கிறார். எருசலேம் ஆலய வாசலில் ஏரோது வைத்திருந்த பொன் கழுகைச் சில இளைஞர்கள் வெட்டி வீழ்த்தினார்கள். அவர்களைத் தூண்டிய ஆசிரியர்களில் ஒருவரான மத்தியாவை ஏரோது உயிரோடு எரித்தார். அன்றிரவு சந்திர கிரகணம். பிறகு நோய் முற்றி, எரிகோவில், பஸ்கா என்ற யூதப் பண்டிகைக்குச் சற்று முன் ஏரோது இறந்தார். கி.மு. 4 மார்ச் 13-இல் ஒரு சந்திர கிரகணம் நிகழ்ந்தது. அந்த ஆண்டு அதற்கடுத்த மாதமே பஸ்கா.

அவருடைய மகன்களின் ஆட்சிக்கணக்கும் அங்கேதான் வந்து நிற்கிறது. பிலிப்பு 37 ஆண்டுகள் ஆண்டு, ரோமப் பேரரசர் திபேரியுவின் 20-ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 34 வாக்கில் இறந்தார். பின்னோக்கி எண்ணினால் கி.மு. 4. ஏரோது அந்திப்பாவின் காசுகளில் '43-ஆம் ஆண்டு' என்று பொறித்தவை கிடைத்திருக்கின்றன. அவர் நாடு கடத்தப்பட்டது கி.பி. 39-இல். அதிலும் தொடக்கம் கி.மு. 4-தான்.

இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகளைக் கொல்ல ஏரோது ஆணையிட்டதாக மத்தேயு சொல்வதையும் சேர்த்துப் பார்த்தால், பிறப்பு கி.மு. 6-க்கும் 4-க்கும் நடுவே விழுகிறது. என் கணிப்பும் அதுவே.

கேள்வி: கி.மு. 1-இலும் கிரகணம் வந்ததாமே, அண்ணா? அதை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. அது ஜனவரியில் வந்த முழு கிரகணம். மார்ச் 13-க்கும் பஸ்காவுக்கும் நடுவில் ஒரு மாதம்கூட இல்லையே, வெந்நீர் ஊற்றுப் பயணம், மகன் அந்திபாத்தரின் கொலை, ஏரோதின் இறுதி ஊர்வலம் எல்லாம் அதற்குள் அடங்குமா என்று கேட்பவர்கள் அதைச் சொல்கிறார்கள். அந்த வாதத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். ஆனால் மகன்களின் ஆண்டுகள் ஒன்றுக்கு இரண்டாகக் கி.மு. 4-ஐக் காட்டும்போது ஒரு கிரகணத்துக்காக அவற்றைத் தள்ள முடியாது.

கேள்வி: சிரேனியு சீரியாவின் தேசாதிபதியாக இருந்தபோது நடந்த குடிமதிப்பின் சமயத்தில் இயேசு பிறந்தார் என்கிறாரே லூக்கா?

பதில்: உண்மையான சிக்கல் இங்கேதான். சிரேனியு சீரியாவின் தேசாதிபதியாக வந்து யூதேயாவில் கணக்கெடுத்தது கி.பி. 6-இல், ஏரோதின் மகன் அர்கெலாயு பதவி இழந்த பிறகு. ஏரோது இறந்து அப்போது 9 ஆண்டுகள் ஆகிவிட்டன. சிரேனியு முன்பும் ஒருமுறை தேசாதிபதியாக இருந்திருக்கலாம் என்று சிலர் சமாளிக்கிறார்கள். ஏரோதின் இறுதிக் காலத்தில் அங்கே இருந்தவர்கள் சதுர்னீனுஸும் வாருஸும் என்று யோசேப்பஸ் பெயரோடு சொல்கிறார். லூக்கா இரண்டு நிகழ்வுகளைக் கலந்துவிட்டார் என்றே நான் நினைக்கிறேன். என் விசுவாசத்துக்கு இதனால் குறைவு வரவில்லை. பூசி மெழுகினால்தான் எனக்கு மனம் உறுத்தும்.

கேள்வி: டிசம்பர் 25?

பதில்: சுவிசேஷங்களில் நாளும் இல்லை, மாதமும் இல்லை. கி.பி. 200 வாக்கில் அலெக்சாந்திரியா கிளமென்ட், மே 20-ஐ ஒட்டிய நாளைச் சிலர் சொல்வதாகக் குறிப்பிடுகிறார். டிசம்பர் 25 நமக்குத் தெளிவாகக் கிடைப்பது கி.பி. 354-இல் ரோமில் தொகுத்த நாட்குறிப்பில். ஆர்மீனியத் திருச்சபை இன்றும் ஜனவரி 6-இல்தான் கொண்டாடுகிறது.

கேள்வி: ஐயா, நான் ஞாயிறு பள்ளியில் பாடம் எடுக்கிறேன். இயேசு ஊழியம் தொடங்கும்போது வயது 30 என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். உங்கள் கணக்குப்படி அது தவறா?

பதில்: தவறில்லை அம்மா, ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்ளுங்கள். திபேரியு ராயனின் 15-ஆம் ஆண்டில் இயேசுவுக்கு முன் வந்த யோவான் ஸ்நானகர் பிரசங்கிக்கத் தொடங்கினார் என்கிறார் லூக்கா. அது கி.பி. 28 அல்லது 29. அதிலிருந்து சரியாக 30-ஐக் கழித்தால் டயோனீசியஸின் ஆண்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுவோம். அவரும் இப்படித்தான் கழித்திருப்பார் என்று ஊகிக்கிறார்கள். ஆனால் அதே அதிகாரத்தின் (லூக்கா 3) 23-ஆம் வசனத்தைத் தமிழ் வேதாகமத்தில் பாருங்கள்: 'ஏறக்குறைய' முப்பது வயது என்று இருக்கும். மூல கிரேக்கத்திலும் அந்தச் சொல் உண்டு. 33 வயதானவரையும் அப்படிச் சொல்லலாம்.