அடிமை முறையை எதிர்த்த குவேக்கர்கள் ஏன் தங்களுக்குள்ளயே உடைஞ்சாங்க?

கேள்வி: அமெரிக்காவுல அடிமை முறையை எதிர்த்ததுல குவேக்கர்கள் முன்னாடி நின்னாங்கன்னு சொல்றாங்க. ஆனா அதே 19ஆம் நூற்றாண்டுல அந்த சபை பல துண்டா உடைஞ்சதுன்னும் படிச்சேன். ரெண்டும் எப்படி ஒத்துப்போகும்?

மொதல்ல ஒரு விஷயம், குவேக்கர்கள்னா ஒரு கிறிஸ்தவ சபை. ஓட்ஸ் டப்பாவுல தொப்பி போட்டு சிரிக்கிறாரே ஒரு தாத்தா, அந்த கம்பெனிக்கும் இவங்களுக்கும் சம்பந்தமே இல்ல, பேரை மட்டும் எடுத்து வச்சுக்கிட்டாங்க.

"குவேக்கர்னாலே அடிமை ஒழிப்பு போராளி"ன்னு நினைச்சா தப்பு. பிலடெல்பியா வருடாந்திர கூட்டம் (அந்த வட்டார குவேக்கர்களுக்கு மேல்மட்ட அமைப்பு இதுதான்) 1776லயே, அடிமையை விடுவிக்க மாட்டேன்னு அடம்பிடிக்கிறவனை சபையை விட்டு நீக்கிடுவோம்னு முடிவெடுத்துச்சு. அந்தக் காலத்துக்கு அது பெரிய விஷயம்தான், ஒத்துக்கறேன். ஆனா அதுக்கப்புறம் "நம்ம கை சுத்தமாயிடுச்சு, இனி வம்பு எதுக்கு"ன்னு உக்காந்தவங்க ஒரு பக்கம், "ஊரெல்லாம் போய் பேசணும், சங்கம் வைக்கணும், பத்திரிகை நடத்தணும்"னு கெளம்பினவங்க இன்னொரு பக்கம். சண்டையில பாதி இங்கதான்.

மீதி பாதி சாமி சம்பந்தப்பட்டது. லாங் ஐலண்டுல ஜெரிக்கோங்கற ஊர்ல எலியாஸ் ஹிக்ஸ்னு ஒரு விவசாயி, பிரசங்கமும் பண்ணுவாரு. மனுஷன் அடிமைங்க உழைப்புல வந்த பருத்தி, சர்க்கரை எதையும் தொட மாட்டாரு. 1830ல பக்கவாதம் வந்து பேச்சே போய் கெடக்கும்போது மேல போர்த்தின போர்வையை தள்ளி தள்ளி விட்டாராம், அப்புறம்தான் அது பருத்தின்னு புரிஞ்சு கம்பளியை போர்த்தினாங்களாம், அவங்க ஆளுங்க இன்னிக்கும் சொல்ற கதை இது. ஆனா 1827ல பிலடெல்பியாவுல சபை உடைஞ்சது அடிமை விஷயத்துக்காக இல்ல. பைபிளை விட மனசுக்குள்ள இருக்கிற தெய்வ வெளிச்சம்தான் பெருசுன்னு ஹிக்ஸ் சொன்னது நகரத்து பணக்கார மூப்பர்களுக்கு ஆகல, கிராமத்து ஆளுங்க பெரும்பாலும் அவர் பக்கம்.

அதோட இவங்க கூட்டத்துல ஓட்டெடுப்பே கெடையாது. எல்லாரும் பேசி முடிச்சதும் கூட்டத்தோட மனசு என்னன்னு எழுத்தர் புரிஞ்சுக்கிட்டு எழுதுவாரு, அவ்ளோதான். ஒத்துமையா இருக்கும்போது இது நல்லாத்தான் இருக்கும், ஒத்துமை போச்சுன்னா யார் எழுத்தர்ங்கறதே சண்டை ஆயிடும், 1827லயும் அதுதான் ஆச்சு. கோர்ட்டுக்கே போகக்கூடாதுன்னு இருந்தவங்க நியூ ஜெர்சில ஒரு பள்ளிக்கூட நிதிக்காக கேஸ் போட்டு அடிச்சுக்கிட்டாங்க!

சரி, ஹிக்ஸ் கோஷ்டியாவது போராளிங்கள தாங்கி பிடிச்சுதான்னு பாத்தா, அதுவும் இல்ல. ஐசக் ஹாப்பர் பிலடெல்பியாவுல பல வருஷமா தப்பிச்சு வர்ற அடிமைங்களுக்கு உதவினவரு, அவரை 1841ல நியூயார்க்ல நீக்கினதே ஹிக்ஸ் கோஷ்டிதான். காரணம், அவர் சம்பந்தப்பட்டிருந்த அடிமை எதிர்ப்பு பத்திரிகை, சபை பிரசங்கி ஒருத்தரை விமர்சனம் பண்ணி எழுதினது. நீக்கம்னா ஊரை விட்டு தள்ளி வைக்கிற அளவுக்கு இல்ல, கும்பிட வரலாம், ஆனா சபை நிர்வாகத்துல வாயே திறக்க முடியாது.

என்னை ரொம்ப யோசிக்க வச்சது இண்டியானா கதைதான், இது ஹிக்ஸுக்கு எதிர் கோஷ்டியில நடந்தது. 1842 அக்டோபர்ல ஹென்றி க்ளே, பெரிய அரசியல்வாதி, கென்டக்கில அடிமைங்க வச்சிருந்தவரு, ரிச்மண்டுக்கு வந்தாரு. ஹிராம் மெண்டன்ஹால்னு ஒரு குவேக்கர் கூட்டத்துக்கு நடுவுல, உங்க அடிமைங்களை விடுவிங்கன்னு ஒரு மனுவை நீட்டினாரு. வீட்டுக்கு போய் உன் வேலையை பாருங்கற மாதிரி க்ளே பதில் சொன்னாரு. அடுத்த நாள் ஞாயித்துக்கிழமை, அதே க்ளேயை குவேக்கர் வழிபாட்டுக்கே கூட்டிட்டு போய் மரியாதையா உக்கார வச்சாங்க. அந்த வருஷமே அடிமை எதிர்ப்புல தீவிரமா இருந்த எட்டு பேரை முக்கியமான கமிட்டில இருந்து தூக்கிட்டாங்க. 1843 ஆரம்பத்துல சுமார் 2000 பேர் பிரிஞ்சு போய் நியூபோர்ட்ல தனி கூட்டம் வச்சாங்க.

அதுல லீவை காஃபினும் ஒருத்தர். நியூபோர்ட்ல அவர் வீட்டுக்குள்ளயே கிணறு இருக்கும், ஏன்னா தப்பிச்சு வந்து அங்க ஒளிஞ்சிருக்கிற அடிமைங்களுக்கு எவ்ளோ தண்ணி எடுக்கறாங்கன்னு அக்கம்பக்கத்துக்கு தெரியக்கூடாது. மாடில சாய்வு கூரைக்கடியில ஒரு சின்ன அறை, அந்த கதவை கட்டில் தலைப்பலகை மறைச்சுக்கும். இப்படிப்பட்ட ஆளுங்கதான் சபைக்கு வெளிய இருந்தாங்க. 1845ல இங்கிலாந்து குவேக்கர்கள் நாலு பேரை அனுப்பினாங்க, எதுக்கு, பிரிஞ்சவங்களை திரும்பி போங்கன்னு சொல்றதுக்கு.

அந்த நாலு பேர்ல ஜோசையா ஃபார்ஸ்டர்னு ஒருத்தர். அஞ்சு வருஷம் முன்னாடி, 1840ல லண்டன்ல நடந்த உலக அடிமை எதிர்ப்பு மாநாட்டுக்கு லுக்ரீஷியா மாட்னு ஒரு அமெரிக்க குவேக்கர் பெண் பிரசங்கி பிரதிநிதியா வந்தாங்க. பெண்ங்கறதால மாநாட்டுல பிரதிநிதியா உக்கார விடல. அது போதாதுன்னு, அவங்க ஹிக்ஸ் கோஷ்டிங்கறதால ஒரு விருந்துல எல்லார் முன்னாடியும் எழுந்திருச்சு, மத விஷயத்துல இந்தம்மாவுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லன்னு சொன்னது இதே ஃபார்ஸ்டர்தான். நல்ல மனுஷன்தான், அடிமை முறையை நெஜமாவே எதிர்த்தவரு, ஆனாலும் சொன்னாரு.

இதுக்கப்புறம் நடந்ததுலதான் உங்க கேள்விக்கு பதில் இருக்கு. நியூயார்க் மாநிலத்துல 1848 ஜூன் மாசம் ஹிக்ஸ் கோஷ்டியே மறுபடி உடைஞ்சு, பிரசங்கி, மூப்பர்ங்கற மேல்தட்டே வேணாம், ஆணும் பெண்ணும் ஒரே கூட்டமா முடிவெடுப்போம்னு ஒரு சின்ன குழு வெளிய வந்துச்சு. ஜூலை 9ஆம் தேதி வாட்டர்லூவுல ஜேன் ஹண்ட் வீட்டுல அஞ்சு பெண்கள் டீ குடிக்க கூடினாங்க. மாட், அவங்க தங்கச்சி மார்த்தா ரைட் (இவங்க குவேக்கர் அல்லாதவரை கட்டினதுக்காக முன்னாடியே சபையில இருந்து நீக்கப்பட்டவங்க), மேரி ஆன் மெக்ளின்டாக், ஹண்ட், இவங்களோட குவேக்கர் இல்லாத எலிசபெத் கேடி ஸ்டாண்டன். பத்து நாள்ல செனெகா ஃபால்ஸ்ல அமெரிக்காவோட முதல் பெண்ணுரிமை மாநாடு நடந்துச்சு, அறிக்கையில கையெழுத்து போட்டது 100 பேர், அதுல கணிசமான பேர் அதுக்கு முந்தின மாசம்தான் பிரிஞ்சு வந்த அந்த குழுவை சேர்ந்தவங்க. ஆக, போராட்டத்துல முன்னாடி நின்னவங்களும் சபையை விட்டு பிரிஞ்சவங்களும் பல நேரம் ஒரே ஆளுங்கதான், ரெண்டும் ஒத்துப்போறது அப்படித்தான்.