மரப்பு மருந்து விஷமானால்: லிப்பிட் பற்றிய கேள்விகளும் ஒரு மயக்க மருத்துவரின் பதில்களும்

லிக்னோகேன், பியூபிவகேன் போன்ற மரப்பு மருந்துகள் அளவு மீறியோ தவறி ரத்தக்குழாயிலோ போனால் முதலில் மூளையும் பிறகு இதயமும் அடிவாங்கும். அப்போது ரத்தநாளத்தில் ஏற்றும் 20% லிப்பிட், அதாவது பால் போன்ற கொழுப்புக் கரைசல் பற்றித்தான் இன்றைய கேள்விகள். என் துறைக்குள் வருவதற்கு மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

பயிற்சி மருத்துவர்: மேடம், சாப்பிட முடியாத நோயாளிக்கு ஏற்றும் கொழுப்பு இதற்கு மருந்தாகும் என்று எப்படித் தெரிந்தது?

நினைத்ததற்கு நேர்மாறாக நடந்த ஒரு சோதனையால். சிகாகோவில் கை வைன்பெர்க் என்ற மயக்க மருத்துவர், கார்னிடின் குறைபாடுள்ள ஒரு நோயாளிக்கு மிகக் குறைந்த பியூபிவகேனிலேயே இதயத்துடிப்பு தாறுமாறானதைப் பார்த்தார். இதயத் தசைக்கு முக்கிய எரிபொருள் கொழுப்பு அமிலம். அதை மைட்டோகாண்ட்ரியாவுக்குள், அதாவது செல்லின் எரிபொருள் அடுப்புக்குள் கொண்டுசேர்ப்பது கார்னிடின். பியூபிவகேன் அந்த வழியையே அடைக்கிறது. அப்படியானால் ரத்தத்தில் கொழுப்பை ஏற்றினால் நிலைமை இன்னும் மோசமாகும் என்று எலிகளில் பார்த்தார்கள். ஆனால் லிப்பிட் ஏறிய எலிகளின் இதயத்தை நிறுத்த அதிக பியூபிவகேன் தேவைப்பட்டது! இது வெளியானது 1998-ல். 2003-ல் நாய்களில் செய்தார்கள். பத்து நிமிட இதய மசாஜுக்குப் பிறகு லிப்பிட் பெற்றவை பிழைத்தன, சலைன் பெற்றவை பிழைக்கவில்லை.

மனிதரில் முதல் அறிக்கை 2006-ல் நியூயார்க்கிலிருந்து வந்தது. 58 வயதுக்காரர், தோள் அறுவைக்காகக் கழுத்தில் நரம்பு பிளாக், அதாவது நரம்பைச் சுற்றி மரப்பு ஊசி. வலிப்பு வந்தது, இதயம் நின்றது. சுமார் இருபது நிமிடம் மசாஜ், ஷாக், அட்ரினலின் எதற்கும் மசியவில்லை. 100 மில்லி லிப்பிட் ஏற்றிய சற்று நேரத்தில் துடிப்பு திரும்பியது. ஆள் நரம்புக் கோளாறு ஏதுமின்றித் தேறினார்.

எப்படி வேலை செய்கிறது? கொழுப்பில் கரையும் மருந்தை லிப்பிட் உறிஞ்சிப் பிடித்துக்கொள்கிறது என்று முன்பு சொன்னார்கள். இப்போதைய கருத்து, அது டவுன் பஸ் போல மருந்தை மூளையிலும் இதயத்திலும் ஏற்றித் தசையிலும் கல்லீரலிலும் இறக்கிவிடுகிறது என்பது. கூடவே இதயத்தின் அழுத்தும் சக்தியையும் கூட்டுகிறது.

ஸ்டாஃப் நர்ஸ்: அளவு எப்படி, மேடம்? நேரத்துக்குக் கணக்குப் போட வரமாட்டேன் என்கிறது.

அந்த நேரத்தில் யாருக்கும் வராது. அதனால் கணக்கை முன்பே எழுதிப் பாட்டிலோடு ஒட்டிவையுங்கள். எடை 50 கிலோ என்றால் கிலோவுக்கு 1.5 மில்லி வீதம் 75 மில்லி, 2 முதல் 3 நிமிடத்தில். அப்புறம் கிலோவுக்கு நிமிடத்துக்கு 0.25 மில்லி, அதாவது மணிக்கு 750 மில்லி. ரத்த அழுத்தம் ஏறவில்லையானால் முதல் அளவைத் திரும்பக் கொடுக்கலாம், சொட்டின் வேகத்தை இரட்டிப்பாக்கலாம். மொத்தம் கிலோவுக்கு 12 மில்லியைத் தாண்டக் கூடாது. 50 கிலோவுக்கு 600 மில்லி. எடை 70 கிலோவுக்கு மேல் என்றால் 100 மில்லி, பிறகு 15 முதல் 20 நிமிடத்தில் 200 முதல் 250 மில்லி.

முதல் 75 மில்லியைச் சொட்டாக விட்டுக்கொண்டிருக்காதீர்கள். பெரிய ஊசியால் இரண்டு 50 மில்லி சிரிஞ்சில் உறிஞ்சிக் கையால் தள்ளுங்கள். கண்ணாடிப் பாட்டில் என்றால் காற்று உள்ளே போக இன்னொரு ஊசி ரப்பர் மூடியில் குத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதியில் பிஸ்டன் பின்னுக்கு இழுக்கும், பதற்றத்தில் சிரிஞ்ச் அடைத்துவிட்டது என்று நினைப்பீர்கள்.

பல் மருத்துவர்: ஊசி போட்டதும் படபடப்பு, வியர்வை என்கிறார்கள். இதுவும் விஷமா?

பெரும்பாலும் மருந்தோடு கலந்த அட்ரினலின், அல்லது பயத்தில் வரும் மயக்கம். விஷத்தின் முன்னறிவிப்பு வேறு: உதடு, நாக்கைச் சுற்றி மரப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பேச்சுக் குழறல், காரணமில்லாத பதற்றம், பிறகு வலிப்பு. சிலருக்கு இது எதுவுமே இல்லாமல் நேராக இதயம் தடுமாறும். உங்கள் சிக்கல், குழந்தைகள். 2% லிக்னோகேன் என்றால் ஒரு மில்லியில் 20 மி.கி. 15 கிலோக் குழந்தைக்குக் கிலோவுக்கு 4.5 மி.கி. என்று வைத்தால் மூன்று மில்லிக்குச் சற்று மேலேயே உச்ச அளவு வந்துவிடும். ரத்தம் வருகிறதா என்று சிரிஞ்சைப் பின்னிழுத்துப் பாருங்கள், சிறிது சிறிதாகப் போடுங்கள், இடையில் பேச்சுக் கொடுங்கள்.

சிசேரியனில் ஸ்பைனல் போட்டதிலிருந்து முதுகுவலி, டாக்டர்.

எலும்பு மருத்துவரைப் பாருங்கள். ஸ்பைனலில் போகும் இரண்டு, மூன்று மில்லி இந்த விஷத்தைத் தராது.

கிளினிக் டாக்டர்: லிப்பிட் கையிருப்பில்லை. மயக்க ஊசி ப்ரோபோஃபாலும் வெள்ளைதானே, கொழுப்பில்தானே இருக்கிறது?

கூடாது. அதில் கொழுப்பு 10% தான். தேவையான கொழுப்பு சேருவதற்குள் ப்ரோபோஃபாலே ரத்த அழுத்தத்தைக் குப்புறத் தள்ளிவிடும். வலிப்புக்கு மிடாசோலம் கொடுங்கள். லிப்பிட் இல்லாத இடத்தில் பெரிய பிளாக் போடாதீர்கள் என்பதுதான் பதில்.

முதுநிலை மாணவர்: மேடம், மன்னிக்கணும். பன்றிகளில் செய்த ஆய்வில் லிப்பிட் தோற்றதே?

வாங்க, இதற்காகத்தான் காத்திருந்தேன். 2008-ல் வந்தது. அட்ரினலினும், ரத்தக்குழாயைச் சுருக்கும் வாசோபிரசினும் பெற்ற பன்றிகள் பிழைத்தன, லிப்பிட் பெற்றவை பிழைக்கவில்லை. ஆனால் அந்தப் பன்றிகளுக்கு மூச்சையும் நிறுத்திவைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு, பன்றிக்கு லிப்பிட்டே ஒவ்வாமை போன்ற எதிர்வினையைத் தூண்டும்.

அவரே: நம் நோயாளிகளுக்கும் வலிப்பில் மூச்சு நின்றுதானே போகிறது?

ஒப்புக்கொள்கிறேன், நல்ல அடி. அதனால்தான் முதல் வேலை ஆக்சிஜன் என்கிறேன். மூச்சு குறைந்து ரத்தம் அமிலமானால் மருந்து செல்லுக்குள் சிக்கிக்கொள்ளும். கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மூளைக்கு ரத்த ஓட்டம் கூடி மருந்தும் கூடுதலாகப் போகும். லிப்பிட்டைத் தேடி அலமாரிக்கு எல்லாரும் ஓடி, மாஸ்க் பிடிக்க ஆளில்லாமல் போவதுதான் என் பயம்.

ஐசியூ மருத்துவர் குறுக்கிடுகிறார்: மனிதரில் ஒப்பீட்டு ஆய்வே இல்லை. பிழைத்தவர்களைத்தானே எழுதுகிறார்கள்? நான் அட்ரினலின் 1 மி.கி. என்ற வழக்கத்தை விடமாட்டேன்.

முதல் பாதி நியாயம். இதயம் நின்றவரைச் சீட்டுக் குலுக்கி ஆய்வில் சேர்க்க முடியாது. ஆகவே அறிக்கைகளையும் விலங்குகளையும் வைத்துத்தான் முடிவெடுக்கிறோம். இரண்டாம் பாதியை ஏற்கமாட்டேன். எலிகளில் அட்ரினலின் கூடக்கூட லிப்பிட்டின் பலன் குறைந்தது. கிலோவுக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது அமெரிக்க நரம்பு மரப்புச் சங்கத்தின் வழிமுறை. 50 கிலோவுக்கு 50 மைக்ரோகிராம். 1 மி.கி. ஆம்பியூல் ஒன்றை 10 மில்லியாகக் கரைத்தால் அரை மில்லி! நீங்கள் சொல்வது இருபது மடங்கு. வாசோபிரசின், பீட்டா பிளாக்கர், கால்சியம் சேனல் பிளாக்கர் மூன்றும் வேண்டாம். துடிப்பு தாறுமாறானால் லிக்னோகேன் கொடுப்பவர்களும் உண்டு. எரிகிற வீட்டில் எண்ணெய். அமியோடரோன் எடுங்கள். மசாஜை மட்டும் வழக்கத்தைவிட நீண்ட நேரம் தொடருங்கள். மருந்து இறங்க இறங்க இதயம் திரும்பும்.

ஐசியூ மருத்துவர்: அப்போ வாசோபிரசினில் பிழைத்த பன்றிகள்?

பன்றிக்கு பிளாக் போடும் அன்றைக்குப் பேசலாம்.

லேசர் முடி நீக்கத்துக்கு மரப்பு க்ரீம் தருகிறார்கள். க்ரீமில் ஆபத்து இல்லையே?

இருக்கிறது. அமெரிக்காவில் இரண்டு இளம்பெண்கள் கால் முழுக்க க்ரீம் தடவி, பிளாஸ்டிக்கால் சுற்றி, வலிப்பு வந்து இறந்தார்கள். 2007-ல் அந்நாட்டு மருந்துத் துறையே எச்சரித்தது. பெரிய பரப்பில் தடவி மூடாதீர்கள்.

மருந்தாளுநர்: ப்ரோபோஃபால்…

மேலே படியுங்கள்.

அரளி விதைக்கு லிப்பிட் உண்டா?

அதற்கு வழி வேறு. விஷ முறிவு மருத்துவரிடம் கேளுங்கள்.

நர்சிங் மாணவி: நோயாளி தேறிய பிறகு வார்டுக்கு அனுப்பலாமா?

வலிப்போடு நின்றது என்றால் குறைந்தது 2 மணி நேரம் கண்காணிப்பு. இதயம் பாதித்திருந்தால் 4 முதல் 6 மணி நேரம். லிப்பிட் கரைந்து போனதும் மருந்து மீண்டும் தலைகாட்டலாம். ரத்த மாதிரியை முடிந்தால் லிப்பிட்டுக்கு முன்பே எடுங்கள். பிறகு எடுத்தால் பால் போல வரும், பல சோதனை முடிவுகள் தப்பாகும். கணையத்தையும் கவனியுங்கள்.

முட்டை அலர்ஜி உள்ளவருக்கு?

சோயா எண்ணெயும் முட்டை பாஸ்போலிப்பிடும் அதில் இருப்பது உண்மை. உயிர் போகும் நேரத்தில் கொடுங்கள், எதிர்வினையைப் பிறகு சமாளிக்கலாம். அதைவிட, முதலிலேயே சிரிஞ்சைப் பின்னிழுத்துப் பாருங்கள். எத்தனை முறை சொல்வது!

பாட்டிலை ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

ஃபிரீசரில் கூடாது, உறைந்தால் வீண். 25 டிகிரிக்குள் இருக்கும் அலமாரி போதும். எண்ணெய் பிரிந்து மிதந்தால் குப்பையில் போட்டுவிட்டு, அன்றே புதுப் பாட்டில் வாங்கி வையுங்கள்.